ஆடுகளின் வயிற்றுப்பூச்சியும் ஊர் மேய்ச்சல் தரையும்

செம்மறியாடு, வெள்ளாடு வைத்திருக்கும் குடியானவர்களிடம் மந்தைக்கு நேரும் நஷ்டத்தைப் பற்றி விசாரித்தால், அம்மை, கோமாரி, துள்ளுமாரி என்ற பெயர்களே முதலில் வரும். இவை சில நாட்களில் பட்டியைப் பாழாக்கக் கூடியவை. ஆகையால் அவற்றிற்குப் பயப்படுவதும், தடுப்பு ஊசிக்கு ஆள் அனுப்புவதும் இயல்பே. வயிற்றுப்பூச்சியின் காரியம் அப்படிப்பட்டதன்று. அது ஆரவாரமின்றி நடப்பது. ஆடு மேய்கிறது, அசைபோடுகிறது, மாலையில் பட்டிக்குத் திரும்புகிறது. ஆனால் எடை ஏறுவதில்லை, தாய்க்குப் பால் இல்லை, குட்டி தேறுவதில்லை. சந்தையில் வியாபாரி முதுகெலும்பைத் தடவிப் பார்த்து விலையைக் குறைக்கும்பொழுதுதான் நஷ்டம் வெளியாகிறது. அப்பொழுதும் அதற்குக் காரணம் மேய்ச்சல் போதாமையே என்று சொல்லிவிடுவார்கள். மேய்ச்சல் போதவில்லை என்பது மெய்தான். ஆயினும் அந்தக் குறையும் பூச்சியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கிராமங்களில் கண்கூடாகக் காணலாம்.

இப்பக்கம் ஏரிகளை நம்பிய பூமி. மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களையொட்டிப் பெய்து ஏரிகளில் நிற்கும். நெல் அறுவடையானதும் தாளடியும், ஏரி வற்றியதும் அதன் உள்வாயும், ஆண்டு முழுவதும் மேய்க்கால் புறம்போக்கும் ஆடுகளுக்கு ஆதாரமாக இருந்தன. சென்னைச் சிவப்பு என்று பெயர் பெற்ற செம்மறியினம் இந்த ஏற்பாட்டிலேயே உருவானது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களே அதன் சொந்த பூமி. பிறகு காலம் மாறிற்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010இல் ஒரு கார்த் தொழிற்சாலையும், 2012இல் ஒரு லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட்டின் எல்லை விரிந்துகொண்டே சென்றது. இதனால் ஜனங்களுக்குக் கூலியும் உத்தியோகமும் கிடைத்தன என்பதை மறுப்பதற்கில்லை. அதே சமயத்தில் பட்டா நிலம் மதிற்சுவருக்குள் சென்றது. மீதியில் ஒரு பகுதி மனைப்பிரிவாகிக் கல் நட்டுக் கிடக்கிறது. கிடந்த தரிசைச் சீமைக்கருவேல் மூடிவிட்டது.

நிலம் சுருங்கிய அளவுக்கு ஆடு சுருங்கவில்லை. நிலமில்லாத வீடுகளில் நான்கு ஆடு வைத்துப் பிழைக்கும் வழக்கம் முன்பே உண்டு. 2011இல் சர்க்கார் தொடங்கிய விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டத்தில் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு நான்கு ஆடுகள் கொடுக்கப்பட்ட பிறகு, ஆட்டை நம்பிய பெண்களின் தொகை அதிகரித்ததேயன்றிக் குறையவில்லை. ஆக, முன்பு ஊரெங்கும் பரந்து மேய்ந்த வாய்கள் இப்பொழுது ஏரிக்கரை, சாலையோரம், மதிற்சுவரை ஒட்டிய வடிகால் ஆகிய சில இடங்களிலேயே நாள்தோறும் மேய்கின்றன. காலையில் புழுக்கை போட்ட இடத்திலேயே அடுத்த வாரமும் வாய் வைக்கின்றன. பூச்சிக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை ஒருவர் திட்டமிட்டுச் செய்தாலும் செய்ய முடியாது.

ஏன் என்பதை அறியப் பூச்சியின் வாழ்க்கையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டின் வயிற்றில் பலவகைப் பூச்சிகள் உண்டு. அவற்றுள் நமது சீமையில் அதிக நாசம் விளைவிப்பது நான்காவது இரைப்பையில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் ஒரு மெல்லிய உருண்டைப்புழு. பெண் பூச்சி இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளமிருக்கும். இரத்தம் நிறைந்த குடலும் வெண்மையான கருப்பையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பதால் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல்போல் காணப்படும். ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ் என்பது இதன் விஞ்ஞானப் பெயர். ஒரு பூச்சி நாள் ஒன்றுக்கு 0.05 மில்லி லிட்டர் இரத்தம் குடிக்கிறது. கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஓர் ஆட்டில் 1,000 பூச்சிகள் இருப்பது அதிசயமன்று. அப்படியிருந்தால் நாளைக்கு 50 மில்லி லிட்டர், ஒரு மாதத்தில் ஒன்றரை லிட்டர் இரத்தம் போகிறது. 25 கிலோ எடையுள்ள ஆட்டின் உடம்பில் உள்ள இரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். உடம்பு புது இரத்தத்தை ஊறச்செய்து ஓரளவு ஈடுகட்டும். தீனி குறைந்த காலத்தில் அதுவும் முடியாமற் போகும். கண்ணிமையின் உட்புறம் வெளுத்து, தாடையின் கீழ் நீர் கோத்துப் பை போலத் தொங்குவது அந்நிலையின் அடையாளம். இந்தப் பூச்சியால் பெரும்பாலும் கழிச்சல் உண்டாவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கழிச்சல் இல்லை, ஆகையால் பூச்சி இல்லை என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பெண் பூச்சி ஒன்று நாள்தோறும் 5,000க்கு மேல் முட்டையிடும். முட்டை புழுக்கையோடு தரையில் விழுந்து, ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் ஆட்டைப் பற்றும் பருவத்துப் புழுவாகிறது. அது பனியிலும் மழையீரத்திலும் புல்லின் மேல் சிறிது தூரம் ஏறும். பெரும்பாலும் தரையிலிருந்து சில அங்குலத்திற்குள்ளேயே இருக்கும். பனி உலரும் முன் மந்தையை மேய்ச்சலுக்கு விடலாகாது என்று பழைய கோனார்கள் சொல்லி வந்ததில் நியாயமில்லாமல் இல்லை. மேலும், புல் ஒட்ட ஒட்ட மேயப்படும் தரையில்தான் ஆட்டின் வாய் இந்தப் புழுக்களை அள்ளுகிறது. உயரப் புல்லையும் தழையையும் மேயும் ஆடு அவ்வளவு அள்ளாது. வெள்ளாடு சுபாவத்தில் செடி கொடிகளை எட்டிக் கடிப்பது. அதனால் அதன் உடம்பு தரைப் புழுவை எதிர்க்கும் சக்தியைச் செம்மறியளவு பெறவில்லை. வேலிக்காலும் தோப்பும் போன பிறகு வெள்ளாடு குனிந்து மேயக் கற்றுக்கொண்டது. செம்மறியைவிட அதிகமாக இளைப்பதும் அதுவே.

நிற்க. இதற்கெல்லாம் மருந்து இருக்கிறதே, ஆஸ்பத்திரியில் இலவசமாகவும் கொடுக்கிறார்களே என்று கேட்பது சகஜம். இருக்கிறது. அந்த மருந்து கெட்டுப்போகும்படி உபயோகிக்கப்படுகிறது என்பதே கவலைக்குரிய விஷயம்.

ஒரு காலத்தில் மயில்துத்தக் கரைசலையும் புகையிலைச் சத்தையும் புகட்டினார்கள். அளவு மீறினால் ஆடே இறக்கும். 1940ஐ ஒட்டிப் பினோதயஸீன் வந்தது. 1961இல் தையபெண்டசோல் வந்தபொழுது, பூச்சியின் காலம் முடிந்தது என்றே உலகமெங்கும் எண்ணினார்கள். மூன்று வருஷத்திற்குள், 1964இல், அதற்கு அடங்காத பூச்சிகள் அமெரிக்காவில் காணப்பட்டன. பின்னர் லெவாமிசோல், அல்பெண்டசோல், பென்பெண்டசோல் என்று பல மருந்துகள் வந்தன. 1981இல் விற்பனைக்கு வந்த ஐவர்மெக்டின் மருந்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அம்மருந்து வந்து பத்தாண்டு நிறையுமுன்பே தென்னாப்பிரிக்க ஆட்டுப் பண்ணைகளில் அதை மதியாத பூச்சிகள் தோன்றிவிட்டன. நமது தமிழ்நாட்டிலும் பெண்டசோல் வகை மருந்துகளுக்கு அடங்காத பூச்சிகள் செம்மறிப் பண்ணைகளில் இருப்பதைக் கால்நடை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கின்றனர். ஒரு மருந்து வீணாவதற்குச் சில ஆண்டுகள் போதும்; புதிதாக ஒன்று வருவதற்கு இருபது ஆண்டுகளும் போதுவதில்லை.

மருந்து எவ்விதம் வீணாகிறது? பல்லாயிரம் பூச்சிகளுள் சில பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் தன்மை உடையவை. மருந்து புகட்டியதும் மற்றவை மடிகின்றன. தாங்கியவை மட்டும் தப்பி முட்டையிடுகின்றன. மூன்று மாதத்திற்கொரு தடவை, மந்தையில் ஒன்று விடாமல், அதே மருந்தையே புகட்டிவந்தால் நாளடைவில் அந்த மேய்ச்சல் தரை முழுவதும் தப்பியவற்றின் சந்ததியால் நிரம்பும். இதை இன்னும் துரிதப்படுத்துவது அளவுக் குறைவு. ஆட்டை நிறுத்திப் பார்ப்பவர் யார்? கண் மதிப்பாக இருபது கிலோ என்று சொல்லி இருபத்தெட்டு கிலோ கிடாவுக்குக் குறைந்த மருந்தைப் புகட்டுகிறார்கள், பாதி கக்கிவிடுகிறது. வெள்ளாட்டின் விஷயத்தில் தவறு இரட்டிப்பாகிறது. அதன் ஈரல் மருந்தைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடுவதால், பெண்டசோல் வகைகளைச் செம்மறிக்கு உரியதைப் போல் இரண்டு பங்கு கொடுத்தாலொழியப் பயனில்லை. லெவாமிசோலுக்கோ ஒன்றரைப் பங்கே எல்லை. அதற்கு மேல் கொடுத்தால் ஆபத்து. ஆகையால் இக்கணக்கைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். சினை ஆடுகளுக்கு, அதிலும் சினைப்பட்ட முதல் மாதத்தில், அல்பெண்டசோல் கொடுக்கலாகாது என்பதையும் அவர் சொல்வார்.

எல்லா ஆடுகளுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுப்பதே ஒழுங்கான மந்தையின் இலக்கணம் என்று நெடுங்காலம் போதிக்கப்பட்டது. அந்தப் போதனையை மாற்றிக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. மந்தையிலுள்ள பூச்சிகளில் பெரும்பங்கு சில ஆடுகளிடத்திலேயே குவிந்திருக்கும். ஐந்தில் ஓர் ஆடு, ஐந்தில் நான்கு பங்கு பூச்சியைச் சுமப்பதாகச் சொல்வது வழக்கம். மற்றவை தம் உடல் வலிமையாலேயே பூச்சியை அடக்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றிற்கும் மருந்து கொடுப்பது பணத்தை வீணாக்குவதோடு நில்லாமல், மருந்துக்கு அடங்கும் நல்ல பூச்சிகளையும் அடியோடு அழித்து, அடங்காதவற்றிற்கு இடம் காலிசெய்து கொடுப்பதாகவும் முடிகிறது. நல்ல பூச்சி என்பது விநோதமான பேச்சாகத் தோன்றும். ஆனால் அடங்கும் பூச்சிகள் தரையில் கலந்திருக்கும் வரையில்தான் மருந்துக்கு மதிப்பு.

எந்த ஆட்டிற்குக் கொடுப்பது என்பதை அறிய, தென்னாப்பிரிக்காவில் 1990களில் ஓர் எளிய முறையை வகுத்தார்கள். கீழிமையைத் திறந்து உட்புறத்தின் நிறத்தை ஐந்து நிறங்கள் அச்சிட்ட அட்டையோடு ஒத்துப்பார்ப்பதே அது. பாமச்சா அட்டை என்பார்கள். நல்ல சிவப்பாயிருந்தால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் அன்றே கொடுக்க வேண்டும். நடுநிலையிலிருப்பது குட்டியாகவோ, ஈன்ற தாயாகவோ, இளைத்ததாகவோ இருந்தால் கொடுத்துவிடுவது நலம். நமது ஆட்டுக்காரர்கள் இமையைத் திறந்து பார்ப்பதை யாரும் அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சந்தையில் ஆடு வாங்கும்பொழுது பல்லையும் கண்ணையும் பார்ப்பவர்கள்தானே. மழைக்காலத்தில் பத்து, பதினைந்து நாளைக்கொரு முறை, பட்டியைத் திறக்கும்பொழுதே இதைச் செய்துவிடலாம். அடிக்கடி வெளுக்கும் பெட்டையைக் குறித்து வைத்து விற்றுவிடுவது நல்லது. அதன் குட்டியைக் கிடாவுக்கு விடக்கூடாது.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. இது இரத்தம் குடிக்கும் பூச்சியை மட்டுமே காட்டிக்கொடுக்கும். ஏரிப் பக்கங்களில் வேறொரு சத்துரு இருக்கிறது. நத்தையின் உடம்பில் வளர்ந்து, நீரோரப் புல்லில் ஒட்டிக்கொண்டிருந்து, ஆட்டின் சிறுகுடலில் இறங்கும் இரைப்பைத் தட்டைப்புழுவின் இளம் பருவமே அது. தை மாதத்திற்குப் பிறகு ஏரி நீர் பின்வாங்கப் பின்வாங்க நத்தைகள் மீதி நீரில் நெருங்குகின்றன. ஈரம் காயாத உள்வாயில் புதுப் புல் தளிர்க்கிறது. மேட்டில் புல் தீய்ந்துவிட்டபடியால் ஆடுகள் அத்தளிரை நாடிச் செல்கின்றன. சில வாரங்களில் நாற்றமடிக்கும் நீர்க்கழிச்சல் கண்டு, தாடை வீங்கி, கொத்தாக மடிகின்றன. இதற்கு அல்பெண்டசோலை எத்தனை முறை புகட்டினாலும் பிரயோசனமில்லை. ஆக்ஸிகுளோசனைடு போன்ற வேறு மருந்து வேண்டும். இன்ன பூச்சி என்று தெரியாமல் மருந்து வாங்குவது, இன்ன வியாதி என்று தெரியாமல் பத்தியமிருப்பதை ஒக்கும். பத்து ஆடுகளின் புதிய புழுக்கையைத் தனித்தனியே எடுத்து அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சேர்த்தால் பூதக்கண்ணாடியில் முட்டையைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இளம் தட்டைப்புழு முட்டையிடுமுன்பே ஆட்டைக் கொல்லக் கூடியதாகையால், அந்தப் பருவத்தில் ஏரியில் மேய்ந்த கதையையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இப்பக்கத்தாருக்குத் தூரமும் இல்லை.

இவ்வளவும் மருந்தைக் காப்பாற்றுவதற்கே போதும். பூச்சியைக் குறைப்பது தரையால்தான் ஆகும். தென் பசிபிக்கிலுள்ள டோங்கா தீவில் 1990களின் முற்பகுதியில் ஒரு சோதனை செய்தார்கள். மேய்ச்சல் தரையைப் பத்துத் துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மட்டும் வெள்ளாடுகளை மேயவிட்டு, ஒரு சுற்று முடிந்த பிறகே முதல் துண்டுக்குத் திரும்பினார்கள். அங்கே விழுந்த முட்டை புழுவாகும் முன்பே ஆடு நகர்ந்துவிடும். திரும்பி வரும்பொழுது வெப்பமும் ஈரமுமான அந்த நாட்டில் புழுக்களில் பெரும்பாலானவை தீனியின்றி மடிந்திருக்கும். ஒரே இடத்தில் மேய்ந்த ஆடுகளைவிட இவற்றில் முட்டை மிகக் குறைந்தது; மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. நமது குடியானவரிடம் பத்துத் துண்டு வேலியடைக்கப் பணமில்லை. ஆனால் இதே காரியத்தை ஆட்டுக்கிடை மடக்கும் வழக்கம் வேலியில்லாமலே செய்துவந்தது. அறுவடையான வயலில் இரண்டு மூன்று இரவு, பிறகு அடுத்த வயல் என்று கிடை நகர்ந்துகொண்டேயிருக்கும். நெல் நின்ற வயலில் பல மாதம் ஆடு கால் வைத்திராதபடியால் அத்தரை ஆட்டுப்பூச்சியற்ற தரை. நிலக்காரருக்கு எரு, ஆட்டுக்காரருக்குச் சுத்தமான மேய்ச்சல். யூரியா மூட்டை வந்த பிறகு கிடைக்குக் கூலி கொடுப்பது வீண் என்று விட்டுவிட்ட மிராசுதார்கள், தம்முடைய சொந்த ஆடுகளையே ஏரிக்கரைக்கு அனுப்பிப் பூச்சியோடு திரும்ப அழைத்துக்கொள்வது விசித்திரமான சிக்கனம். இன்றும் வாலாஜாபாத் சாலைப் பக்கமும் சுங்குவார்சத்திரம் பக்கமும் நெல் விளையும் வயல்கள் இருக்கின்றன. தை, மாசியில் அவற்றைக் கிடைக்குத் திறந்துவிட்டால், ஏரி உள்வாயில் நத்தை நெருங்கும் அந்த ஆபத்தான வாரங்களில் மந்தைக்கு வேறு போக்கிடம் கிடைக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை. சுத்தமான வயலுக்குப் போகுமுன் மந்தை முழுவதற்கும் மருந்து கொடுத்துவிட்டுப் போவதே சிறந்தது என்று தோன்றும். அப்படிச் செய்தால் புது வயலில் விழும் முட்டைகள் யாவும் மருந்துக்குத் தப்பிய பூச்சியினுடையவையாகவே இருக்கும். திடமான சில ஆடுகளை மருந்தின்றியே உடன் ஓட்டிச் செல்வதுதான் முறை.

கிராம நிர்வாக அலுவலர்கள் இதையெல்லாம் கால்நடை மருத்துவரின் வேலை என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. கர்ணம் உத்தியோகம் 1980இல் ஒழிந்தாலும், கர்ணம் எழுதிய கணக்கு அவர்கள் கையில்தான் இருக்கிறது. மேய்க்கால் புறம்போக்கு எத்தனை ஏக்கர், எந்த சர்வே எண், அதில் இன்று என்ன நிற்கிறது என்பது அ பதிவேட்டையும் தரையையும் ஒருங்கே பார்ப்பவருக்கே தெரியும். ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே திரும்ப ஒப்படைக்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் பஞ்சாப் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற நமது மாநிலத்தில் 2007ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. சட்டத்தின் குறையால் மேய்க்கால் போகவில்லை. அது கேட்பாரற்ற தரிசு என்ற எண்ணத்தால் போகிறது. ஒரு துண்டு மேய்க்காலில் கொட்டகையோ குப்பைமேடோ வரும்பொழுது அங்கே மேய்ந்த ஆடுகள் மறைந்துவிடுவதில்லை. மீதித் துண்டில் போய் நெருங்குகின்றன. அங்கே பூச்சி பெருகுகிறது. அதற்கு மருந்து கேட்டு மறுபடி சர்க்காரிடமே வருகிறார்கள். நிலத்தைத் தானமாகக் கொடுத்துவிட்டு மருந்துக்குச் செலவிடும் இந்தக் கணக்கை எந்தத் தணிக்கையும் இதுவரை குறிப்பெழுதிக் கேட்டதில்லை.

தொழிற்சாலைப் பிரதேசத்தில் ஆடு எதற்கு, ஆட்டுக்காரர் மகன் கம்பெனிக்குப் போகலாமே என்று சொல்வாரும் உண்டு. போகிறவர் போகட்டும். ஆனால் கம்பெனி வேலை பெரும்பாலும் இளைஞருக்கு. அதுவும் பலருக்கு ஒப்பந்தக் கூலி. ஸ்ரீபெரும்புதூரிலேயே ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த கைப்பேசித் தொழிற்சாலையொன்று 2006இல் திறந்து 2014இல் மூடப்பட்டதை ஜனங்கள் மறக்கவில்லை. அத்தகைய காலத்தில் பள்ளிக் கட்டணத்துக்கோ வைத்தியத்துக்கோ ஒரே நாளில் பணமாகக்கூடிய சொத்து வீட்டில் நிற்கும் நான்கு ஆடுகளே. அவற்றின் சொந்தக்காரி அநேகமாகத் தொழிற்சாலை வாசலுக்கே போகும் வயது கடந்தவள்.

தொழிற்சாலைகளாலும் ஒரு சகாயம் கிடைக்கக்கூடும். மதிற்சுவருக்குள் ஏக்கர் கணக்கில் புல் வளர்க்கிறார்கள். மழைக்காலத்தில் அடிக்கடி வெட்டுகிறார்கள். வெட்டிய புல் குவியலாகக் கிடந்து அழுகுகிறது. ஆடே நுழையாத தரையில் வளர்ந்த அந்தப் புல்லில் ஆட்டுப்பூச்சி இருக்க வழியில்லை. களைக்கொல்லி தெளிக்காத இடத்துப் புல்லை வெட்டிய அன்றே வாங்கி, வெயிலில் உலர்த்தி, குனியாமல் தின்னும்படி உயரக் கட்டிப் போட்டால், ஐப்பசி, கார்த்திகையில் தரையெங்கும் புழு ஏறியிருக்கும் நாட்களில் குட்டிகளையும் ஈன்ற தாய்களையுமாவது பட்டியிலேயே வைத்துக் காப்பாற்றலாம். ஈனும் சமயத்தில் தாயின் வயிற்றுப் பூச்சிகள் வழக்கத்தைவிட அதிகமாக முட்டையிடுமாதலால், அது வெளியே மேயாதிருப்பது மற்ற ஆடுகளுக்கும் நன்மை. வாரத்தில் எந்த நாள் புல் வெட்டுகிறார்கள், யார் வண்டி அனுப்புவது என்பதை ஊராட்சித் தலைவர் தொழிற்சாலை நிர்வாகியோடு ஒரு தடவை பேசி ஏற்பாடு செய்தால் போதும்; ஆவணியிலேயே பேசிவிட்டால் அந்த மழைக்கே அது உதவும்.